புதுப்பிப்பு: செகோவியா செப்புக் காசு யாருடையது?

ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் காலத்து 8 மரவேதி (பழைய ஸ்பானியச் சிறு நாணய அலகு) காசு என்று சொல்லி, ஆண்டு தேய்ந்துபோன ஒரு ஸ்பானியச் செப்புக் காசைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மன்னரை அப்படிச் சொன்னது என் பிழை.

வினிகரில் ஊறவைக்கச் சொன்ன நண்பர்களின் யோசனையை ஏற்கவில்லை. அமிலம் பச்சைக் களிம்போடு காசின் இயல்பான பழுப்புப் பூச்சையும் அரித்துவிடும். அதற்குப் பதிலாக, காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, பல்குத்தும் குச்சியால் எழுத்துகளின் இடுக்கை மட்டும் மெல்லச் சுரண்டினேன். மன்னர் பெயரை அடுத்து மூன்று கோடுகள் என நான் எண்ணியிருந்த இடத்தில், அழுக்கு நீங்கியதும் நான்காவது கோடும் தெரிந்தது. நான்கு என்ற ரோமன் எண்ணை இக்காசுகளில் IV என்றல்லாமல் IIII என நான்கு நேர்க்கோடுகளாகவே பொறித்தார்கள் என்பதால், இது 1788 முதல் 1808 வரை ஆண்ட நான்காம் கார்லோஸின் காசு.

சிலர் கோட்டை என்று கருதிய சிறு வளைவுகள், ஸ்பெயினின் செகோவியா நகரின் ரோமானிய நீர்ப்பாலத்தைக் குறிக்கும் அக்கசாலை (காசு அச்சடிக்கும் இடம்) முத்திரைதான். பின்புறச் சிலுவையின் இடைவெளிகளில் ஸ்பெயினின் பழைய காஸ்தீய, லெயோன் அரசுகளின் கோட்டைகளும் சிங்கங்களும் தெளிவாக இருக்கின்றன.

அன்றைய மதிப்பைக் கேட்டவர்களுக்கு: 34 மரவேதி சேர்ந்தால் ஒரு வெள்ளோன் ரியால் என்ற பெரிய பண அலகு. அதாவது இத்தகைய நான்கு காசு கொடுத்தாலும் ஒரு ரியாலுக்கு இரண்டு மரவேதி குறையும்.

ஆண்டின் கடைசி இலக்கம் இன்னும் பிடிபடவில்லை. அதற்காக மேலும் சுரண்டப் போவதில்லை.