நொய்யல் சாயக்கழிவு மனு: கைகொடுங்க

திருப்பூருக்குக் கீழே நொய்யலோரம் கிணறு வச்சிருக்கிறவங்க உதவி வேணுங்க. சாயக்கழிவு ஆத்துல கலக்கிறதை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, அதோட சட்டம் 14-ஆம் பிரிவில் மனு தயாராகுது. வழக்குக்கான காரணம் முதல்ல எழுந்த நாள்ல இருந்து 6 மாசம்தான் கெடு. தக்க காரணம் இருந்தா இன்னும் 60 நாள். நல்ல மனுவும் இதுல கவுந்துடும்.

நாமளே பாட்டில்ல மோந்த தண்ணி சாட்சியா நிக்கிறது சிரமம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிக்குத்தான் எடை. அதனால நிறம் மாறுன அன்னைக்கே வாரியத்துக்கு எழுதி ஒப்புகை வாங்கி வைங்க. போன்ல சொன்னா கணக்கில்லீங்க.

தேதி, இடக்குறிப்போட படம், புகார் நகல், பழைய கிணத்துத் தண்ணி ஆய்வறிக்கை இருக்கிறவங்க சொல்லுங்க. அறிக்கையோட ஒப்பிட்டுப் பார்க்க: குடிநீருக்குக் கரைந்த உப்பு வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேற நல்ல தண்ணி கிடைக்க வழியில்லைனா 2,000 வரைக்கும். தகவல் உரிமை மனு எழுதத் தெரிஞ்ச ரெண்டு பேரும் வேணும்.