வெள்ளவத்தையில் பழைய வீட்டைத் திருத்த நம்பகமான கொந்தராத்துக்காரரை எப்படித் தெரிவு செய்வது?

கேள்வி: வெள்ளவத்தை வாசி

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், அப்பப்பா 1950களில் கட்டிய வீட்டில் அம்மாவும் நானும் வசிக்கிறோம். கபுக் கல்லை (நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல்லை) சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடு. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் சொல்லை நம்பி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். அவர் முன்னறையின் பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசினார். பாதிக்கு மேற்பட்ட தொகையை முற்பணமாக வாங்கியிருந்தவர், கூரை நீரை ஏந்தும் பீலியை மாற்ற வேண்டிய வேளையில் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் சுவரில் இடுப்பளவு உயரம் வரை பெயின்ட் உப்பிக் கொட்டத் தொடங்கியது. தடவிப் பார்த்தால் கையில் வெள்ளை உப்புத்தூள் ஒட்டுகிறது.

இப்போது கூரை, இரண்டு குளியலறைகள், அந்தச் சுவர் ஆகியவற்றைத் திருத்த மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூன்று விலைகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். மிகக் குறைந்த விலை சொன்னவர் ஒரே தாளில் ஒரே தொகையை எழுதித் தந்திருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. வேலை நடக்கும்போதும் வீட்டைவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. மறுபடியும் ஏமாறுவதற்கு எங்களிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. ஒருவரை எதைக் கொண்டு நம்புவது?

மறுமொழி: கொட்டாஞ்சேனை வாசி

எங்கள் வீடும் ஏறக்குறைய அதே வயதுடையது. விலை கேட்பதற்கு முன்னர், வந்தவர் வீட்டை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பாருங்கள். எங்களிடம் வந்த நால்வரில் மூவர் கூடத்தில் நின்றபடியே சதுர அடியைக் கணக்கிட்டுத் தொகை சொன்னார்கள். நான்காமவர் ஏணி கேட்டார். சீலிங் பலகையொன்றைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் கூரையைத் தாங்கும் மர வளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுவரில் பதிந்திருந்த முனைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் அது பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே பூச்சு வழுவழுப்பாக இருந்த மரத்தின் உள்ளே கறையான் அரித்த கூடுதான் மிஞ்சியிருந்தது. அவருக்கே வேலையைக் கொடுத்தோம்.

விலை சொல்ல வருபவர் அண்மையில் முடித்த வீட்டைப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனெனில் புதுப் பெயின்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் செய்த பழைய வீடொன்றின் முகவரியைக் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ச் சுவரின் அடியைப் பாருங்கள். வேலை முடிந்தபின் குறை சொன்னபோது அவர் திரும்பி வந்தாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மறுமொழி: தெகிவளை, ஓய்வுபெற்ற அளவையாளர்

சகோதரி, உங்கள் முன்னறைச் சுவருக்கு நேர்ந்ததை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். ஆளைச் சோதிக்கும் கேள்வியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. கபுக் கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். இறுக்கமான சீமெந்துப் பூச்சு வழியை அடைத்துவிடுவதால் ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, காயும் இடத்தில் உப்பை விட்டுச் செல்கிறது, அந்த உப்பு பூச்சையும் பெயின்டையும் தள்ளிவிடுகிறது. ஆகவே, "இந்தச் சுவரை என்ன செய்வீர்கள்?" என்று மூவரிடமும் தனித்தனியே கேளுங்கள். நீர்க்காப்புப் பூச்சு ஒன்றைப் பூசிவிட்டால் போதும் என்பவரை விட்டுவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பீலி எங்கே ஒழுகுகிறது, வெளி முற்றத்தின் மட்டம் உள் தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று தேடுபவரும், சுவர் காய்வதற்கு நாள் கேட்பவரும் வேலை தெரிந்தவர்.

ஒரே தொகை எழுதிய தாளை ஏற்க வேண்டாம். பழைய வீட்டில் கூரை ஓடுகளை இறக்கும்வரை, அவற்றைத் தாங்கும் சிலாகைகளில் (மெல்லிய மரச்சட்டங்களில்) எத்தனை பழுதென்று எவருக்கும் தெரியாது. ஆகையால், ஓரடி மரத்துக்கு இவ்வளவு, ஒரு சதுர அடிப் பூச்சுக்கு இவ்வளவு என அலகு விலையுடன் அளவுப் பட்டியல் வாங்கி, முடிந்த வேலையை இருவரும் சேர்ந்து நாடா பிடித்து அளந்த பின்னரே பணம் கொடுங்கள். முற்பணம் முதற்கட்டப் பொருட்களுக்கும் ஆட்களுக்கும் போதுமான அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அதில் பாதியை வேலை முடிந்ததும், மீதியை ஒரு முழு மழைக்காலம் கழிந்த பின்னரும் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மேலதிக வேலை எதுவானாலும் விலை எழுதிக் கையொப்பமான பிறகே தொடங்க வேண்டும். மனக்கசப்புகளில் பெரும்பாலானவை வாய்ச்சொல்லில் தொடங்கிய மேலதிக வேலைகளால் வந்ததையே என் தொழில் வாழ்வில் கண்டேன்.

2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை (CIDA) கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் உள்ளது. ஒருவர் பதிவுபெற்றவர் என்று சொன்னால், பதிவு இலக்கத்தையும் அது காலாவதியாகாமல் இருப்பதையும் அங்கே உறுதிப்படுத்துங்கள். ஆனால் பதிவு வேறு, சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன் வேறு. உங்கள் சுவரில் யார் கை வைக்கப்போகிறார் என்பதையும் கேட்டு, அந்த மேசனையே நேரில் வரச் சொல்லுங்கள்.

மறுமொழி: பம்பலப்பிட்டி வாசி

இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், கூரையைத் திறப்பதானால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் திறக்கச் சொல்லுங்கள்; அம்மா உள்ளே இருக்கும் வீட்டில் ஒரே நாளில் எல்லா ஓடுகளையும் இறக்க விடாதீர்கள். சுவரை அகற்றுவதோ புதிதாக ஓர் அறையைச் சேர்ப்பதோ திட்டத்தில் இருந்தால், மாநகர சபையின் அனுமதி பெறாமல் தொடங்க வேண்டாம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கொந்தராத்துக்காரர் சொன்னாலும், பின்னர் சிக்கலில் மாட்டுவது வீட்டுக்காரர்தான்.

வெள்ளவத்தை வாசி

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பப்பா காலத்தில் முற்றம் இரண்டு படி தாழ்வாக இருந்ததென்றும், பின்னர் மண்ணிட்டு உயர்த்தினோம் என்றும் அவர்தான் நினைவுபடுத்தினார். மூவரையும் மறுபடி அழைத்து, சுவரைப் பற்றிய கேள்வியைக் கேட்கப்போகிறோம். தெரிவு செய்பவரிடம் முதலில் பீலியையும் பின்புறக் குளியலறையையும் மட்டும் தனி ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டு, கூரையை ஜனவரிக்கு வைத்திருக்கிறோம்.