அரை மணி ஓடியதும் நின்றுவிடும் டீசல் எஞ்சின்: பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:

மலேசியாவின் லங்காவி தீவில் நிறுத்தியிருக்கும் எனது பாய்மரப் படகு 1980களில் கட்டப்பட்டது. அதில் யான்மார் 2ஜிஎம்20 என்னும் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் உள்ளது. துறையில் கட்டியிருக்கும்போது ஐட்லிங்கில் எவ்வளவு நேரம் விட்டாலும் சீராக ஓடுகிறது. கடலுக்குப் போய் நிமிடத்துக்கு 2,800 சுற்றுகளில் ஓட்டினாலோ, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வேகம் தானாக இறங்கி, சற்று ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து முடுக்கினால், எதையும் தொடாமலே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் நிற்கிறது. கரும்புகையோ வெண்புகையோ இல்லை, சூடும் ஏறவில்லை. தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டரையும் எஞ்சின் மேலுள்ள இரண்டாவது ஃபில்டரையும் மாற்றியாயிற்று. வந்து பார்த்த மெக்கானிக், சிலிண்டர்களுக்குள் டீசலை அழுத்தத்தோடு செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும் என்கிறார். அதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:

பம்பில் கை வைக்க வேண்டாம், ஐயா. இன்ஜெக்ஷன் பம்ப் தேய்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆவதிலேயே தகராறு இருக்கும். சிறிது ஓய்வு கொடுத்ததும் அது குணமாகிவிடாது. நீங்கள் சொன்னவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது, ஏர் எடுக்காமலே எஞ்சின் மறுபடி ஓடுகிறது என்பதுதான். குழாயில் காற்று புகுந்து நின்ற எஞ்சின், ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும்வரை பெரும்பாலும் ஓடாது. ஓய்வில் சரியாகிறது என்றால், டீசல் வரும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது: உறிஞ்சும் விசை நின்றதும் அழுக்கு நழுவி வழிவிடுகிறது, ஓட ஓட மறுபடி வந்து அடைத்துக்கொள்கிறது. ஐட்லிங்கில் டீசல் தேவை மிகக் குறைவு என்பதால் துறையில் இது வெளியே தெரிவதில்லை.

அடுத்த முறை வேகம் இறங்கத் தொடங்கியதும் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு எஞ்சின் தேறிக்கொண்டால், டேங்கின் காற்றுக்குழாய்தான் அடைபட்டிருக்கிறது. நம் பக்கத்து வெப்பத்தில் அதற்குள் குளவி மண்கூடு கட்டுவது சாதாரணம். அதில் மாற்றம் இல்லையென்றால், முதல் ஃபில்டருக்கு முன்னுள்ள ஹோஸை டேங்கிலிருந்து பிரித்து, புதிய டீசல் நிரப்பிய சுத்தமான கேனில் விட்டு ஓட்டிப் பாருங்கள். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் இருந்தால் அதையும் அதே கேனில் விட வேண்டும். இந்தச் சோதனையைக் காற்று வீசும் நாளில், பாயை ஏற்றத் தயாராக வைத்துக்கொண்டு செய்வது நல்லது. கேனில் நன்றாக ஓடினால், குற்றவாளி டேங்க் பக்கம்தான்: டீசலை நிறுத்தும் வால்வு, ஹோஸ், அல்லது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள வலை.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் அடைப்பு மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேகம் ஏறி இறங்குவது காற்று புகுவதற்கும் அறிகுறியே. பழைய படகுகளில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. அடைப்பால் உறிஞ்சும் விசை கூடும்போது, மற்ற நேரத்தில் தாக்குப்பிடிக்கும் தளர்ந்த இணைப்பு காற்றை இழுக்கத் தொடங்குகிறது. டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் லிஃப்ட் பம்ப் வரையிலான பகுதியில் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசிவதில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. ஆகவே இணைப்புகள் உலர்ந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய முடியாது. லிஃப்ட் பம்புக்கு முன் ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே தெரியக்கூடிய ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஃபில்டர் மாற்றியபோது மூடியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டதா, பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டார்களா என்றும் பாருங்கள். ஆயில் அளவு கூடி, டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தால் லிஃப்ட் பம்பின் உள்ளிருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கக்கூடும். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது.

ஹோஸைப் பிரித்துப் பூட்டியபின் ஏர் எடுக்க வேண்டும். அப்போது லிஃப்ட் பம்பின் கைப்பிடி பிடிப்பில்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பம்பை இயக்கும் எஞ்சின் தண்டின் மேடு (கேம்) அதைத் தள்ளிக்கொண்டிருக்கும், எஞ்சினைச் சற்றுத் திருப்பினால் சரியாகும். இன்னொன்று மிக முக்கியம்: எஞ்சின் பற்றாமல் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரை முடுக்குவதானால், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் வால்வை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால், வெளியே தள்ளப் புகை இல்லாததால் புகைக்குழாயின் மஃப்ளரில் அந்த நீர் நிறைந்து சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். எஞ்சின் பற்றியவுடன் வால்வைத் திறக்கவும் மறக்கக் கூடாது.

மறுமொழி 3:

லங்காவி என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே 2020இல் பி20 டீசல் விற்பனைக்கு வந்தது. அதில் 20 விழுக்காடு பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல். அது டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடை இளக்கிக் கிளப்பிவிடும், சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அடியில் தங்கிய தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கரிய வழவழப்பாகத் திரளும். மருந்து ஊற்றினால் அவை சாகும், ஆனால் செத்தவை எங்கும் போவதில்லை. எல்லாம் ஃபில்டருக்குத்தான் வந்து சேரும். ஆகவே முதலில் டேங்கைத் திறந்து கழுவுங்கள், பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மூடியைத் திறந்ததில் மாற்றமில்லை. கேனிலிருந்து ஓட்டியபோது வேகம் சிறிதும் இறங்கவில்லை. பின்னர் உறிஞ்சு குழாயை உருவிப் பார்த்தபோது, அதன் நுனியிலிருந்த பித்தளை வலை, விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கரிய பாசியால் மூடியிருந்தது. டேங்கைக் கழுவ ஏற்பாடு செய்துள்ளேன். அந்த வலையைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதா, விட்டுவிடுவதா?

மறுமொழி 1:

விட்டுவிடுங்கள். கைக்கு எட்டாத இடத்தில் வடிகட்டி இருந்து பயனில்லை. கசடைப் பிடிக்கும் வேலையை முதல் ஃபில்டரே பார்த்துக்கொள்ளும். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்கின் அடியிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்த்தி வையுங்கள். முதல் ஃபில்டருக்கு 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு நுண்ணிய துளை வேண்டாம். 10 அல்லது 30 போதும், நுண்ணிய அழுக்கு எஞ்சின் மேலுள்ள ஃபில்டரின் பொறுப்பு. கழுவிய பின்னும் சில வாரங்களுக்குக் கசடு வரும் என்பதால், மாற்று ஃபில்டர்களைப் படகிலேயே வைத்திருங்கள்.