கூரை வெட்டிய பழைய கார்: வேடிக்கை பார்ப்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: இரும்புச்சட்டம்

1950களின் இரண்டு கதவு செடான். கூரை 75 மி.மீ. வெட்டி இறக்கியது, சஸ்பென்ஷனும் தாழ்வு. வி8 இன்ஜின், ஒற்றைக் கார்புரேட்டர், 12 வோல்ட், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், கதவுக் கைப்பிடிகள் எடுக்கப்பட்டவை. ஹைவேயில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனில் படம் எடுக்கிறார்கள். பின்னால் வருபவர் பம்பரை முட்டுகிற மாதிரி நெருங்குகிறார். நிறுத்தினால் கூட்டம், ஐட்லிங்கில் நின்றால் சூடு ஏறுகிறது, அணைத்தால் உடனே திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. பெயின்ட்டைத் தொடுவதையும் தடுக்க முடியவில்லை. யார் மனதும் நோகாமல் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கலாம்?

பதில்: பின்கண்ணாடி

முதலில் சாலை. படம் எடுப்பவர் வந்து நிற்கிற இடம் பெரும்பாலும் உங்கள் பின்பக்கவாட்டு மூலை. கூரை வெட்டிய வண்டியில் அதுதான் மிக மோசமான குருட்டு இடம், தூண் தடிமனாகத் தெரியும், பின்கண்ணாடி ஒரு கீற்றுதான். அவர் பார்ப்பது திரையை, சாலையை அல்ல. வேகம் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அவரும் கூட்டுவார். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு மணிக்கு எட்டு, பத்து கி.மீ. குறையுங்கள். அவர் முன்னே போய்விடுவார், வேண்டிய படமும் கிடைத்துவிடும். கையசைப்பது ஒருமுறை போதும். திரும்பத் திரும்ப அசைத்தால் கூடவே வரச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் 50 மி.மீ. குவிகண்ணாடி ஒட்டுங்கள். அழகு கெடும் என்பார்கள், கெடட்டும்.

பின்னால் நெருங்குபவருக்கு மருந்து நல்ல பிரேக் லைட். பழைய சிறிய விளக்குகள் பகலில் தெரிவதே இல்லை. பின்கண்ணாடியின் உள்பக்கம் எல்இடி பட்டை ஒன்று வைத்து பிரேக் சுவிட்சிலிருந்து வயர் இழுங்கள். இண்டிகேட்டரையும் எல்இடிக்கு மாற்றினால் பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் கருவி) குழம்பும், எல்இடி இழுக்கும் கரன்ட் அதற்குப் போதாது. எலக்ட்ரானிக் பிளாஷர் போடுங்கள்.

அதற்கும் முன்னால் எர்த்தை, அதாவது கரன்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். கஸ்டம் வண்டிகளில் விளக்கு மங்கக் காரணம் பல்பை விடப் பெரும்பாலும் பெயின்ட்தான். விளக்கின் உடலும் பாடியும் சேரும் இடத்தில் நாலைந்து பூச்சு ஏறியிருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, விளக்கின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தனி எர்த் வயர் போட வேண்டும்.

பதில்: கொதிகலன்

சூடு ஏறுவது கூட்டத்தின் குற்றமில்லை, ஃபேனின் குற்றம். ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன் இழுத்தால்தான் உண்டு. ஷ்ரவுட் (ரேடியேட்டரையும் ஃபேனையும் சுற்றி மூடும் கூண்டு) இல்லாவிட்டால் அது ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும் இழுக்கும், மூலைகள் வீண். ஷ்ரவுட் போடும்போது இறக்கையின் அகலத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கட்டும், நுனிக்கும் விளிம்புக்கும் 12 முதல் 25 மி.மீ. இடைவெளி. எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராகக் கரன்ட் கொடுத்தால் சுவிட்ச் உருகும். 82 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு (கூலன்ட் ஓட்டத்தைத் திறக்கும் வால்வு), ஃபேனை 93இல் ஓடவிட்டு 86 வாக்கில் நிறுத்தும் சென்சார் பொருந்தும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் கொதிநிலையை சுமார் 1.6 டிகிரி உயர்த்தும். அதற்காகப் பழைய ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடியை மாட்டிவிடாதீர்கள், சாலிடர் இணைப்புகள் கசிந்துவிடும். அந்த ரேடியேட்டர் எந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த மூடிதான்.

திரும்ப ஸ்டார்ட் ஆகாதது வேறு கதை. அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நிற்கும், மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழியும். பெடலை மிதித்து மிதித்து விட்டால் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பீய்ச்சும், மோசமாகும். பெடலைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி பத்து வினாடி வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள், இன்ஜின் பிடித்ததும் பெடலைத் தளர்த்துங்கள். நிரந்தரத் தீர்வு கார்புரேட்டருக்கு அடியில் 6 முதல் 12 மி.மீ. ஃபீனாலிக் ஸ்பேசர் (சூட்டைக் கடத்தாத பிளாஸ்டிக் தகடு). நீளமான ஸ்டட் வேண்டும், பானெட் இடிக்கிறதா என்பதை முன்பே களிமண் உருண்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை உரசிப் போகிறதென்றால் முதல் வேலை அதைத் தள்ளிவைப்பது.

பதில்: மெழுகுத்துணி

தொடாதேன்னு போர்டு வச்சா கை கூடுதலா நீளும். நீங்களே ஒரு இடத்தைக் காட்டி "இங்கே தொட்டுப் பாருங்க"ன்னு குரோம் பம்பரைக் கொடுத்துடுங்க, பெயின்ட் தப்பிக்கும். கண்ணாடிக்கு உள்ளே ஒரு அட்டை: வருஷம், மாடல், இன்ஜின், என்னென்ன மாத்தினது. பாதிக் கேள்வி அதுலயே தீரும். போன் நம்பர் வேண்டாம்.

விரலை விட மோசம் பெல்ட் பக்கிளும் தோள் பை ஜிப்பும். செல்பி எடுக்க ஃபெண்டர்ல சாயும்போதுதான் கோடு விழும். அதனால ஓரமா, ஒரு பக்கம் சுவர் இருக்கற இடமாப் பாத்து நிறுத்துங்க. சைடு எக்ஸாஸ்ட் இருந்தா சூடான பக்கம் சுவரைப் பாக்கணும், குழந்தைங்க முழங்கால் சரியா அந்த உயரம்தான். கைரேகையை வெறும் துணியால துடைச்சா தூசியே உப்புத்தாளாயிடும். ஸ்ப்ரே அடிச்சு ஈரமாக்கி, மைக்ரோஃபைபரால ஒரே திசையில துடைங்க.

முக்கியமானது கிளம்பற நேரம். "ஒரு தடவை உறும விடுங்க"ம்பாங்க. குளிர்ந்த டயர், பாரமில்லாத பின்பக்கம், கூடவே வி8 இன்ஜினோட முறுக்குவிசை. கால் கொஞ்சம் அழுந்தினா பின்பக்கம் விலகி கூட்டத்துமேலயே போயிடும். வேணும்னா நியூட்ரல்ல லேசா ஒரு உறுமல், அவ்வளவுதான். அப்புறம் ரெண்டாவது கியர்ல நடைவேகத்துல வெளியே வாங்க.

கேள்வி கேட்டவர்: இரும்புச்சட்டம்

ஷ்ரவுட் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது, நன்றி. இன்னொன்று: கைப்பிடி இல்லாத கதவைத் திறக்கப் பார்த்து ஆளாளுக்கு நகத்தால் இடுக்கை நோண்டுகிறார்கள். உள்ளே சோலினாய்டு (கரன்ட் கொடுத்தால் பூட்டை இழுத்துத் திறப்பது), ரிமோட். கூட்ட நேரத்தில் பேட்டரி இறங்கினால்?

பதில்: கொதிகலன்

நோண்டுவதற்கு ஒரே வழி நீங்களே திறந்து காட்டுவது. திறந்ததைப் பார்த்தபின் யாரும் தேடுவதில்லை. பேட்டரி இறங்கினால் என்ற கேள்விக்கு இரண்டு ஏற்பாடுகள், இரண்டுமே இருக்கட்டும். ஒன்று, லாட்ச்சிலிருந்து (கதவுப் பூட்டு) ஒரு சைக்கிள் பிரேக் கேபிள் இழுத்து வண்டிக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் மறைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி. இன்னொன்று, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு வயர், கிரில்லுக்குப் பின்னால் ரப்பர் மூடியோடு. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் ரிமோட் வேலை செய்யும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கிரில் முனையில் வைத்துப் பயனில்லை.