செமஸ்டர் முடிவில் படிக்க நேரம் இருக்கிறது, தெம்பு இல்லை: என்ன செய்வது?

கேள்வி: மூன்றாம் ஆண்டு மாணவர், விடுதி

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற ஒரு கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) ஐந்தாம் செமஸ்டர் படிக்கிறேன். மாடல் தேர்வு, ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்குவது, லேப் தேர்வு, வைவா என்று மூன்று வாரங்கள் ஓய்வின்றி ஓடிவிட்டன. எழுத்துத் தேர்வு தொடங்க இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. விடுமுறை கிடைத்தும் படிப்பு ஓடவில்லை. இரவு பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு இரண்டரை மணி வரை உட்காருகிறேன். டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பாடத்தில் ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்த பிறகும், புத்தகத்தை மூடினால் சமன்பாட்டின் முதல் வரிகூட நினைவுக்கு வருவதில்லை. காலையில் எழும்போது மெஸ்ஸில் சாப்பாடு முடிந்திருக்கிறது. சென்ற செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்துவிட்டதால் வீட்டில் மிகவும் கவலைப்படுகிறார்கள். இன்னும் அதிக நேரம் விழித்திருக்க வழி உண்டா?

பதில் 1: முன்னாள் மாணவர், அதே துறை

தம்பி, விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது உங்களுக்கு உதவாது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். மூன்று வாரங்களாக ரெக்கார்டு எழுதிக் கண்விழித்த உடம்பு அது. நான்கு முறை வாசித்தும் ஏறவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல, களைப்பு. ஒன்பது நாட்களில் முதல் இரண்டு இரவுகளைத் தூக்கத்துக்கே விட்டுவிடுங்கள். பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். அன்று பகலில் கொஞ்சமே படித்தாலும் பரவாயில்லை.

ஐந்தாம் செமஸ்டரில் நானும் ஸ்மித் சார்ட் (டிரான்ஸ்மிஷன் லைன் கணக்குகளைப் போட உதவும் வட்ட வரைபடம்) கணக்குகளை நள்ளிரவில்தான் போட்டுப் பார்த்தேன். லோடு இம்பிடன்ஸைக் குறித்து, காம்பஸால் வட்டம் வரைந்து, எதிர்ப்புறம் சென்று அட்மிட்டன்ஸை (இம்பிடன்ஸின் தலைகீழ்) எடுத்து, அங்கிருந்து ஜெனரேட்டர் திசையில் நகர்ந்து ஸ்டப் (லைனில் இணைக்கும் சிறு துண்டு லைன்) வைக்க வேண்டிய தூரத்தைக் கணக்கிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் மீண்டும் மீண்டும் லோடு திசையில் நகர்ந்துவிடுவேன். விடை தப்பாக வரும். எங்கே தப்பு என்றும் தெரியாது. அதே கணக்கைக் காலை ஏழு மணிக்கு எடுத்தபோது முதல் முறையிலேயே சரியாக வந்தது. அன்று முதல் கணக்கும் டெரிவேஷனும் காலைக்கு, இரண்டு மதிப்பெண் விடைகளும் படங்களும் மதியத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். மூளை தெளிவாக இருப்பது ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம்தான் என்பது என் கணிப்பு. அந்த நேரத்தை நோட்டைப் பிரதி எடுப்பதிலும், வாட்ஸ்அப்பில் வரும் கொஸ்டின் பேங்கைச் சேகரிப்பதிலும் செலவழித்துவிடாதீர்கள்.

பதில் 2: கல்லூரி ஆசிரியர்

மேலே சொன்னவருடன் முழுமையாக உடன்படுகிறேன். வாசிக்கும் முறையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, ஒரு முறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்ப வாசிக்கும்போது தெரிந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றமே பல மாணவர்களை ஏமாற்றிவிடுகிறது என்பதை விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் வருத்தத்துடன் காண்கிறேன்.

உங்கள் 2021 ஒழுங்குமுறையின் (பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன்) வினாத்தாளில் பார்ட் ஏ இருபது மதிப்பெண். பார்ட் பி யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள். பார்ட் சி பதினைந்து. 180 நிமிடங்களில் 100 மதிப்பெண் எழுத வேண்டும் என்றால், ஒரு பதின்மூன்று மதிப்பெண் விடைக்கு ஏறத்தாழ 23 நிமிடங்கள் கிடைக்கும். ஒரு தலைப்பை ஒரு முறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத் தாளில் 23 நிமிடம் எழுதுங்கள், பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் சேருங்கள். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மீண்டும் பார்க்காமல் எழுதுங்கள். இப்படி ஒரு நாளில் ஆறு விடை எழுதினால் அதுவே நல்ல உழைப்பு. இன்டர்னல் (கல்லூரியில் தரும் அக மதிப்பெண்) நன்றாக இருக்கிறது என்று அசந்துவிடவும் வேண்டாம். மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தாலும், எழுத்துத் தேர்வில் தனியாக 45 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்ச்சி கிடையாது.

பதில் 3: செவிலியர், ஒரு மாணவியின் அம்மா

தம்பி, பதினொரு மணி டீயை முதலில் நிறுத்துங்கள். டீயில் உள்ள காபின் என்ற தூக்கம் கலைக்கும் பொருளில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். அதனால் இரண்டரைக்குப் படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. மாலை நான்கு மணி டீயே கடைசியாக இருக்கட்டும். காலைச் சாப்பாட்டை ஒரு நாளும் விடாதீர்கள். தூங்கி எழுந்தும் பல நாட்கள் மனம் கனமாகவே இருந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்றே தொடங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: என் அறையில் மற்ற மூவரும் மூன்று மணி வரை விளக்கைப் போட்டுச் சத்தமாகப் படிக்கிறார்கள். பத்தரைக்கு எப்படிப் படுப்பது?

பதில் 1 எழுதியவர்:

அவர்களிடம் இன்று இரவுச் சாப்பாட்டின்போதே பேசிவிடுங்கள், தம்பி. பதினொரு மணிக்குப் பிறகு படிப்பவர்கள் ஸ்டடி ஹாலுக்குப் போவது என்று எங்கள் அறையில் முடிவு செய்தோம். இரண்டாம் நாளே ஒருவன் என்னுடன் சேர்ந்து ஆறு மணிக்கு எழத் தொடங்கிவிட்டான். அதுவரை ஒரு துண்டை நான்காக மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு, தலையைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுங்கள்.