வேகம் கூட்டும்போது காரில் கரகரப்பு: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

பள்ளத்தூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி ஓட்டிவந்த 2013ஆம் ஆண்டு பெட்ரோல் கார், இப்போது பெரும்பாலும் பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருப்பதால், படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது மட்டும் எடுத்து ஓட்டுகிறோம். இந்த முறை காரைக்குடிக்குப் போகும்போது, மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒரு கரகரப்பு எழுந்தது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. திருமயம் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது அதனுடன் ஓர் உறுமலும் சேர்ந்துகொள்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, இழுவையும் குறையவில்லை. ஊரில் ஒரு மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். பங்காளி ஒருவரோ, எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

கானாடுகாத்தான் ஓட்டுநர்:

கியர்பாக்ஸில் கை வைக்க இப்போதைக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை. இரண்டு ஓசைகளும் ஒரே பயணத்தில் கேட்டதால் ஒரே கோளாறாகத் தோன்றுகிறதே தவிர, அவை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓசை இன்ஜின் சுழற்சியோடு ஏறி இறங்குகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, அல்லது இன்ஜின் பாரம் இழுக்கும்போது மட்டும் எழுகிறதா என்பதைப் பிரித்துவிட்டால், பிறகு தேட வேண்டிய இடம் மிகவும் குறைந்துவிடும்.

முதலில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை மெதுவாக 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று) வரை ஏற்றிப் பாருங்கள். கரகரப்பு அங்கேயே கேட்டால், கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு மறுபடியும் ஏற்றுங்கள். கிளட்சை மிதித்தவுடன் கியர்பாக்ஸின் உள்தண்டுக்கு இன்ஜினிலிருந்து சுழற்சி போவது நின்றுவிடும். அதன் பிறகும் ஓசை மாறாமல் வந்தால், அதற்காகக் கியர்பாக்ஸைக் குறை சொல்ல முடியாது. அடுத்து, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சிறிது தூரம் உருளவிட்டு, உறுமல் தொடர்கிறதா என்று கேளுங்கள். எக்காரணம் கொண்டும் ஓடும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:

மேலே நண்பர் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பெட்ரோலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

இன்ஜினில் நாக்கிங் (எரிபொருள் கலவை சீராக எரியாமல் தானாகவே வெடிப்பது) இருந்தால் இதைப் போன்ற உலோகச் சத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எத்தனால் நாக்கிங்கைத் தூண்டுவதில்லை, குறைக்கிறது. சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) 91 என்றால், 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு 95. அந்தக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பங்காளியிடம் சொல்லுங்கள். நாக்கிங் என்பது உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில், இன்ஜின் திணறும்போது எழுவது. ஒரு கியர் குறைத்தால் அடங்கிவிடும், நின்ற இடத்தில் சும்மா ஏற்றும்போது பொதுவாகக் கேட்காது. அப்படி இருந்தால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் விசிறி, எரியறையில் படிந்த கரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர்வாசி:

இருவருக்கும் நன்றி. நின்ற இடத்திலேயே 2200 ஆர்.பி.எம். அளவில் கரகரப்பு தெளிவாக வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் மறைந்துவிடுகிறது. கிளட்சை மிதித்தாலும் மாற்றமில்லை. உறுமல் மட்டும் நியூட்ரலில் உருளும்போதும் தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தணிந்தது. நீங்கள் சொன்னபடி இவை இரண்டும் வேறு வேறுதான் போலும்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:

ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் அதிர்ந்து மறைகிறது என்றால், சைலன்சர் குழாயின் மேல் வெப்பத்தைத் தடுக்க இருக்கும் ஹீட் ஷீல்டு தகட்டின் மீதுதான் என் சந்தேகம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இது அடிக்கடி காணும் காட்சி: போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு துருப்பிடித்து, துளை பெரிதாகி, தகடு தளர்ந்து நிற்கும். கொட்டகையில் நிற்கும் வண்டி என்பதால் எலி கொண்டுவந்த தேங்காய் நாரும் அந்த இடுக்கில் இருக்கலாம். சூடான குழாயின் மேல் நார் கிடப்பது தீப்பிடிக்க வழி செய்யும், ஆகவே அதை உடனே பாருங்கள். இரவு முழுவதும் ஆறிய வண்டியில், கையுறை அணிந்து, தகட்டை விரல் முட்டியால் தட்டினால் ஆட்டம் தெரிந்துவிடும். போல்ட் பிடிக்காவிட்டால், பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைத் தகட்டையும் குழாயையும் சேர்த்துச் சுற்றி முறுக்கினால் போதும்; செலவு மிகச் சொற்பம். தகடு ஆடாமல் இருந்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். உள்ளே உடைந்த துண்டுகள் உருண்டால் அது வேறு கதை, பெரிய செலவு.

கானாடுகாத்தான் ஓட்டுநர்:

உறுமல் சக்கரத்தின் வேகத்தைத் தொடர்வதால், டயர் அல்லது வீல் பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல உதவும் பாகம்) என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும். சாலையின் தளம் மாறும்போது ஓசையின் தன்மையும் மாறினால் டயரைச் சந்தேகியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1517 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நகராமல் ஒரே இடத்தில் நின்ற டயரில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகி, ஒவ்வொரு சுற்றிலும் தடதடக்கும். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டினால், ஓசையும் இடம் மாறுகிறதா என்று தெரியும்.

பேரிங்காக இருந்தால் வளைவில் குரல் மாறும். அகலமான, வெறிச்சோடிய சாலையில் இடப்புறம் மெல்ல வளைக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், தேய்ந்த பேரிங்கின் அதிர்வு விரல்களுக்குத் தெரியும். டயர் என்றால் காற்றை நிரப்பிக்கொண்டு நிதானமாகச் சென்னை வரை போகலாம். பேரிங் என்றால் காரைக்குடியிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மெக்கானிக்கிடம் பேசும்போது கியர்பாக்ஸ் பேச்சையே எடுக்காமல், எந்தச் சுழற்சியில் எந்த ஓசை, நியூட்ரலில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்.