தாத்தாவின் 0.95 லென்ஸ்: வெட்டலாமா, கொடுத்து மாற்றலாமா?

குழு: தூத்துக்குடி வீடு

அண்ணன் (பெங்களூரு): தாத்தாவின் கேனான் 7 விஷயமாக ஒரு முடிவு எடுக்க வேண்டும். கேமராவில் ஷட்டர் விழவில்லை, ஆனால் லென்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்று பெரியப்பா சொன்னார். அதன் பின்பக்கத்தைக் கடைந்து, என் லைக்கா எம் கேமராவில் மாட்டும்படி செய்து தர இங்கே ஒருவர் தயாராக இருக்கிறார். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் கொடுத்துவிடலாமா?

பெரியப்பா: எனக்கு என்னப்பா ஆட்சேபம். பீரோவில் சும்மாதான் கிடக்கிறது.

அப்பா: கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் ஒரு கடைக்காரரிடம் போட்டோ காட்டினேன். கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு, லைக்காவில் நேராக மாட்டக்கூடிய ஃபோக்ட்லெண்டர் நாக்டன் 50 எஃப் 1.1 தருகிறேன் என்கிறார். மேலே கொஞ்சம் பணமும் உண்டாம். வெட்டிச் சேர்க்கிற வேலையே இல்லை.

அத்தை (கோவை): அப்பா யோகோகாமாவிலிருந்து கொண்டுவந்த கேமராவா? என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் கரண்ட் போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே அப்பா அத்தனை படமும் எடுத்தார். ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது.

அத்தை (கோவை): [புகைப்படம்]

நான்: அத்தை, இந்தப் படம் எனக்குப் பெரிய அளவில் வேண்டும். பாட்டியின் கண் மட்டும் தெளிவாக இருக்கிறது, காது மங்கிவிட்டது. முழுதாகத் திறந்த 0.95-இன் வேலை அது.

பெரியப்பா: அந்த 0.95 என்பதில் அப்படி என்ன விசேஷம்? அப்பாவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நான்: பெரியப்பா, அந்த எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும். 1961-இல் கேனான் 7 கேமராவோடு வந்த லென்ஸ் இது. சாதாரண 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்காக விற்பனைக்கு வந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே அதிக வெளிச்சம் வாங்கியது இதுதான். மனிதக் கண்ணைவிட நான்கு மடங்கு பிரகாசம் என்று கேனான் விளம்பரம் செய்தது. விளம்பரத்தை விடுங்கள், எஃப் 1.4 லென்ஸோடு ஒப்பிட்டாலே இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும். ஃபிலிம் எல்லாம் வெளிச்சத்துக்கு மந்தமாக இருந்த காலம். கேனான் 7-இன் தலையில் ஃப்ளாஷ் செருகும் இடமும் கிடையாது. தாத்தா பெட்ரோமாக்ஸில் படம் எடுத்தது இந்தக் கண்ணாடியை நம்பித்தான்.

நான்: இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கேமராவின் மற்ற லென்ஸ்கள் கேமரா வாயின் உள்திருகில் மாட்டும். இது மட்டும் அந்தத் திருகைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் மூன்று நாக்குப் பயனெட் என்ற பூட்டு வளையத்தில் மாட்டும். பின்கண்ணாடி அவ்வளவு பெரியது. தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் நெம்புகோலுக்கு இடம் விட அந்தக் கண்ணாடியின் ஓரத்தையே தொழிற்சாலையில் கொஞ்சம் சீவியிருக்கிறார்கள். அண்ணா வெட்டச் சொல்வது இந்தப் பயனெட்டை.

அண்ணன் (பெங்களூரு): வெட்டுவது கண்ணாடியை இல்லை, உலோகத்தை மட்டும்தான். உலகம் முழுவதும் இதே லென்ஸை லைக்காவுக்கு மாற்றி எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். பீரோவில் பூட்டி வைப்பதால் லென்ஸ் பிழைக்காது. தூத்துக்குடி காற்றில் பூஞ்சைதான் பிடிக்கும். தாத்தா இதை வாங்கியது படம் எடுக்க. நானும் அதற்குத்தான் கேட்கிறேன்.

நான்: படம் எடுக்க வேண்டும் என்பதில் நானும் உன் கட்சிதான் அண்ணா.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோவை மாமா: லேத் ஆள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். வெட்டிய பிறகு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

நான்: மாமா, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே சுமார் 2 சென்டிமீட்டர்தான். பின்வளையத்தின் உயரம் 50 மைக்ரான் பிசகினால் ஃபோகஸும் அதே 2 சென்டிமீட்டர் தள்ளிப்போகும்.

கோவை மாமா: 50 மைக்ரான் என்றால் ஏ4 தாளின் பருமனில் பாதி. நல்ல மெஷினில் அதைவிட நுணுக்கமாகவே கடையலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் 60 வருடத்துப் பழைய பேரலை, அதாவது லென்ஸின் உலோகக் குழாயை, எதில் பிடிப்பது? லேத்தின் சக்கில் இறுக்கினால் வட்டம் நசுங்கும். கண்ணாடியை எல்லாம் கழற்றாமல் கடைந்தால் தூள் உள்ளே போகும். கழற்றினால் திரும்ப மையம் பார்த்துப் பொருத்த வேண்டும். அதன் பிறகு லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் உருளையைத் தள்ளுகிற பாகத்தையும் அவரே செய்தாக வேண்டும். மாப்பிள்ளை, அவர் இதே லென்ஸில் இதற்கு முன் வேலை செய்திருக்கிறாரா?

அண்ணன் (பெங்களூரு): வேறு லென்ஸ்கள் செய்திருக்கிறார். இதைச் செய்ததில்லை மாமா.

கோவை மாமா: அப்படியென்றால் நம் லென்ஸில் பழக வேண்டாம். வெட்டிய உலோகத்தை ஒட்ட முடியாது.

பெரியப்பா: மச்சான் சொன்னால் சரிதான். அப்போ கடைக்காரரிடமே கொடுத்துவிடலாமா?

நான்: பெரியப்பா, நாக்டன் நல்ல லென்ஸ், குறையே சொல்ல மாட்டேன். திறந்த நிலையில் இதைவிடத் தெளிவாகவே எடுக்கும். ஆனால் அந்த மாதிரி லென்ஸை நாளைக்குக்கூடக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளி கசிவதும் முகத்துக்குப் பின்னால் எல்லாம் கரைந்துபோவதும் இந்த லென்ஸுக்கே உரியவை. அத்தை அனுப்பிய படத்தைத் திரும்பப் பாருங்கள். கைவிட்டால், அதுவும் பழுதான கேமராவைக் காட்டி விலை குறைப்பவரிடம் கைவிட்டால், மறுபடி வாங்க நம்மால் முடியாது.

அத்தை (கோவை): கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்பா: சரி, வெட்டவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பிறகு எப்படித்தான் படம் எடுப்பது?

நான்: இரண்டு வழி இருக்கிறது. அண்ணா கல்யாண வேலைக்கு வைத்திருக்கும் சோனி மிரர்லெஸ்ஸில் மாட்டும் முகத்திலிருந்து சென்சார் வரை 18 மி.மீ.தான். லைக்கா எம்-இல் 27.8, கேனான் திருகில் 28.8. லைக்காவில் மிச்சம் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர், அதனால்தான் கடையச் சொல்கிறார்கள். சோனியில் 10 மி.மீ.க்கு மேல் இடம் இருப்பதால், கேனான் 7-இன் வெளிப் பயனெட்டுக்கு என்றே வரும் அடாப்டரை இடையில் வைத்தால் போதும். லென்ஸில் ஒரு கீறல்கூட விழாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம்.

அண்ணன் (பெங்களூரு): அது தெரியும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பம் ஒன்று சேரும்போது அமுக்குகிற சுகம் திரையில் வராது. அதற்காகத்தானே லைக்காவே வாங்கினேன்.

நான்: அதற்குத்தான் இரண்டாவது வழி. கேனான் 7 ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரான கேமரா. ஓடுகிற நிலையில் இன்னொன்று இன்றைக்கும் கிடைக்கும், லென்ஸின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். அதில் வெளிச்சம் அளக்கும் செலினியம் மீட்டர் செத்திருந்தாலும் கவலையில்லை, போனில் அளந்துகொள்ளலாம். எளிதில் கிடைப்பது கேமரா உடல், கிடைக்காதது லென்ஸ். கிடைப்பதை வாங்கிக்கொண்டு மற்றதைத் தொடாமல் விடலாம் அண்ணா. கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரின் வலது கீழ் மூலையை லென்ஸ் மறைக்கும், அது தாத்தாவுக்கும் மறைத்ததுதான்.

அண்ணன் (பெங்களூரு): முதலில் நம்முடைய உடலையே சர்வீஸ் கொடுத்துப் பார்க்கலாம். ஷட்டர் திரை உலோகம். கசங்கியிருந்தாலும் ஓடும். எண்ணெய் இறுகிப்போய் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நான்: அதுவும் சரி. பெரியப்பா, இப்போது லென்ஸை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து ஒரு படம் அனுப்புங்கள்.

பெரியப்பா: [புகைப்படம்]

பெரியப்பா: பனி படிந்த மாதிரி ஏதோ தெரிகிறது. துணியால் துடைக்கட்டுமா?

நான்: வேண்டாம் பெரியப்பா! அது உள்ளே இருக்கும் படலம். பழைய கோட்டிங் துணி பட்டாலே கீறும். சிலந்தி வலை போலக் கிளை எதுவும் இல்லை, அதனால் பூஞ்சை இன்னும் பிடிக்கவில்லை என்றே தோன்றுகிறது. தோல் பையில் மட்டும் திரும்பப் போடாதீர்கள், ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பெரியப்பா: சரிம்மா. உன் பெரியம்மாவின் முறுக்கு டப்பாவைக் காலி செய்கிறேன்.

அண்ணன் (பெங்களூரு): வெட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடாப்டருக்கு இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன். அப்பா, கடைக்காரரிடம் நீங்கள் பேசிவிடுங்கள்.

அப்பா: பேசுகிறேன். கூரியரில் மட்டும் அனுப்ப வேண்டாம் அண்ணே, அடுத்த வாரம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.